ஆறு புரண்டு படுத்த ஆண்டு

ககயான் ஆறு போன புயலில்
புரண்டு படுத்தது.
கிழக்கே இருந்த தகினோத் வீட்டுக் கொல்லை
விடியும்போது மேற்குக் கரையில் கிடந்தது.

எலியோதோரா வரி கட்டப் போனாள்.
"எந்த ஊர்க் கணக்கில்?" என்றார் எழுத்தர்.
வரைபடத்தில் ஆறு இன்னும் பழைய இடத்திலேயே,
நீலமாக, நல்ல பிள்ளையாக.

இரண்டு ஊருக்கும் கட்டாமல் திரும்பி வந்து
நெடுஞ்சாலையில் பாதியை மறித்து
மிஞ்சிய மக்காச்சோளத்தைக் காயப்போட்டாள்.
லாரிகள் ஒதுங்கிப் போயின.
ஒரு கிலோமீட்டர் மஞ்சள்.

இபனாக் என்றால் ஆற்றின் ஆள் என்று
பள்ளியில் மகன் எழுதிவந்தான்.
"ஆளா, அடமானமா?" என்றாள்
படகை அவிழ்த்துக்கொண்டே.

அக்கரையில், அவள் நிலத்தில்,
யாரோ ஓர் எருமையைக் கட்டியிருந்தார்கள்.
கயிற்றைச் சற்றே குறுக்கிக் கட்டிவிட்டு
மறுமுனையிலிருந்து
விதைக்கத் தொடங்கினாள்.