ஒரே வரி

கல்முனையில், பெயின்ட் கடைக்கு மேலே
எங்கள் ஒபிஸ்.
ஐந்து மேசை, ஆறு கதிரை.
ஆறாவது யாருக்கும் சொந்தமில்லை;
அஸ்மிர் அதில் குந்தி
காலால் உந்தி உந்தி வருவான்:
"இஞ்ச பார், இது ஏன் இப்படி?"
சில்லு உருண்ட தடம்
தரையில் இன்னும் இருக்கிறது.

தை மாதம் புதிய முறை வந்தது.
எழுதியதை நேரே சேர்க்க ஏலாது,
இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.
நல்லதுதான்.
என் பிழைகள் நாலைந்தை
வாடிக்கையாளர் காணுமுன் யதுர்ஷிகா கண்டாள்.
ஆனால் "ஏன்?" என்று மட்டும் எழுதுவாள்.
வாயால் கேட்டால்
அதில் பாதி சிரிப்பு இருக்கும்.
திரையில் அந்தக் கேள்விக்குறி
தூண்டில் முள்ளாய்த் தொங்கியது.
மூன்று பந்தி பதில் எழுதினேன்,
இரண்டு முழம் தள்ளி இருந்தவளுக்கு.

வெள்ளி பன்னிரண்டே காலுக்கு
பாதிப்பேர் ஜும்மாவுக்குப் போய்விட,
ஒற்றைச் சரியோடு
என் திருத்தம் காத்துக் கிடக்கும்.
கீழே பெயின்ட் குலுக்கும் இயந்திரம்.

பிறகு அந்தப் பட்டியல்:
பார்சல் செயலிக்குத் தெருப்பெயர்கள்.
சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை;
அஸ்மிர் வீட்டில் அதற்கு ஒரு பெயர்,
யதுர்ஷிகா வீட்டுக் கடிதங்களில் வேறு பெயர்.
இருவரும் ஒரே இரவில்
ஒரே வரியை மாற்றியிருந்தார்கள்.

மென்பொருள் தீர்ப்புச் சொல்லவில்லை.
ஏழு அம்புக்குறி, கீழே அவன்.
ஏழு சமன்குறி, கீழே அவள்.
மறுபடி ஏழு அம்பு.
முரண் என்று சிவப்பில் எழுதிவிட்டு
விலகி நின்றது.
கருத்துப் பெட்டியில் ஒருவரும் எழுதவில்லை.
பெயர்ப்பலகை விஷயத்தை
எழுத்தில் வைக்க இந்த ஊரில் யாருக்குத் துணிவு?

"இரண்டையும் ஏற்றுக்கொள்" என்றொரு பொத்தான் உண்டு.
அமத்தினேன்.
நாற்பது விநாடி பெருமையாக இருந்தது.
சோதனை உடைந்தது:
ஓர் ஒழுங்கைக்கு ஒரு பெயர்தான் என்று
போன வருஷம் யாரோ விதி எழுதியிருக்கிறார்.
யாரென்று தேடினேன்.
என் பெயர் வந்தது. இரவு 11.52.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஆறாவது கதிரையின் சில்லு இறுகிப்போயிருந்தது.
தரை கீச்சிட
யதுர்ஷிகா அதை இழுத்துக்கொண்டு வந்தாள்.
"ஏன்?"
பாதி சிரிப்பு.
பிளேன்டிக் கோப்பையோடு அஸ்மிர் பின்னால்.

மூன்று தலை, ஒரு திரை.
விதி மாறியது.
சேர்க்கப் போனால்,
இரண்டு பேர் சரி சொல்ல வேண்டுமாம்.
எழும்பி அவரவர் மேசைக்குப் போய்
அமத்திவிட்டு
திரும்பி வந்தார்கள்.