கண்ணி அளவு

பதினோரு விதிகள்.
ஜூலையில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள்,
யாரும் படிப்பதில்லை.
தேவனாம்பட்டினத்து சுகன்ராஜ் மட்டும் விதி இரண்டில் நின்று கேட்டான்:
"வலையமைப்பைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாதுன்னா,
சுருக்குமடியா சார்?
கண்ணி சின்னதா இருந்தாத்தான் சார் தப்பு.
குஞ்செல்லாம் மாட்டும்."
பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.
அந்த வலைக்காகத்தான் போன மாதம்
அவர்கள் கரையில் போலீஸ் நின்றது.
நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன்,
கையெழுத்தைப் போடு.

மஞ்சக்குப்பம் தாண்டி வரும் உப்புக்காற்று
யுஎஸ்பி துளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது.
நாற்பது கணினி. ஓடுபவை முப்பத்தொன்று.
ஆறாம் எண் தானே புயலைப் பார்த்தது,
கண் திறக்க எட்டு நிமிடம் ஆகும்.

மாலை ஐந்தரைக்கு லாக் வாசிப்பேன்.
என் வேலை உத்தரவில் அப்படி இல்லை,
'கணினிப் பராமரிப்பு' என்றுதான் இருக்கிறது.
யார் எங்கே போனார்கள்,
எந்தக் கதவில் முட்டித் திரும்பினார்கள்:
கிரிக்கெட் ஸ்கோர்,
நெய்வேலியில் அப்ரண்டிஸ்,
அரியர் ரிசல்ட் எப்போது,
மெஹந்தி டிசைன் எளியது.
ஒருவன் தன் பெயரையே தேடியிருந்தான், நான்கு தடவை.
பெயர்கள் வராது, பதிவெண் மட்டும்.
எண்ணுக்குப் பின்னால் முகம் தெரியாத அளவுக்கு
நான் இங்கே புதியவன் இல்லை.

வியாழக்கிழமை ஒரு பதிவெண் சிவப்பில் கிடந்தது.
கணினி இருபத்து மூன்று.
வகை: ஆபாசம். விதி ஏழு. முயற்சிகள் ஐந்து.
மூன்றைத் தாண்டினால்
மறுநாள் காலை அறிவிப்புப் பலகைக்குத்
தானாகவே பட்டியல் போகும்.
அப்படி அமைத்தவன் நான்தான்,
போன டிசம்பரில், டீ ஆறுவதற்குள்.

திறந்தேன்.

மார்பில் கட்டி
மார்பில் கட்டி வலி இல்லை
மார்பில் கட்டி வலி இல்லாவிட்டால் நல்லதா
அம்மா வயது 41 மார்பில் கட்டி
மார்பில் கட்டி ஜிப்மர் எந்தக் கிழமை

ஐந்துக்கும் திரை ஒரே பதில் சொல்லியிருந்தது:
'இது கல்வி சார்ந்ததன்று.'
நான் முதலில் 'அல்ல' என்றுதான் போட்டிருந்தேன்.
ஒருமைக்கு 'அன்று' என்று
தமிழ்த்துறை இருதயசாமி ஐயா திருத்திக் கொடுத்தார்.
பிழையே இல்லாத வாக்கியம்.

தடைப்பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
யாரோ தொகுத்ததை அப்படியே ஏற்றியது.
அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன்,
லேப் கதவைச் சாத்திக்கொண்டு.
வாய்விட்டு வாசிக்க முடியாதவை நிறைய.
நடுவில், உடம்பில் இருக்கிற ஒரு இடத்தின் பெயராக மட்டும்,
அந்தச் சொல்.
எடுத்தேன். அறுநூற்றுப் பதினொன்று.

பிறகு அந்த ஐந்து வரிகள்.
பதிவுகளை அழிப்பதும் திருத்துவதும் விதி ஒன்பது.
முதல் படிவத்தில் முதல் கையெழுத்து என்னுடையது,
பச்சை மையில்.
அழித்தேன்.
பழுது நோட்டில் எழுதினேன்:
'க. 23, சிறு கோளாறு. சரிசெய்யப்பட்டது.'

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட் அவள் வந்தாள்.
இருபத்து மூன்று காலியாகத்தான் இருந்தது.
ஆறில் போய் உட்கார்ந்தாள்.
"அது லேட்டாகும்மா,
இருபத்து மூணு இப்ப நல்லா ஓடுது."
இதற்கு மேல் எந்தச் சொல்லும்
என் வாயிலிருந்து போக வழியில்லை.
"பரவால்ல சார்."
ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னாள்.

எட்டு நிமிடம்
மின்விசிறிச் சத்தம்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து போயின.
அவளும் பார்த்தாள்,
மேசைக்கு இந்தப் பக்கம் நானும்.

மாலை லாக்.
கிரிக்கெட். அப்ரண்டிஸ். அதே பையன், அதே பெயர்.
கணினி ஆறு:
எக்செல், அலகு மூன்று, ஐம்பது நிமிடம்.
இணையம் திறக்கப்படவில்லை.
விதிமீறல் ஏதுமில்லை.