எழுபத்தொன்று

செவ்வாய் இரவுகளில் பதினான்காம் அறை
அவளுக்கு.
பதிவேட்டில் ஓகிட்சு சனாயே,
ஆள் ஒன்று, நேரம் ஒரு மணி,
சூடாக ஒரு ஊலாங் தேநீர்.
கோட்டைக் கழற்றும்போது
சலவைக்கடை நீராவியின் வாசம்.

முரோரானில் இந்நேரத்துக்கு விழித்திருப்பவை
எஃகு ஆலையும்
எங்கள் கரோக்கே கடையும்தான்.
இரண்டிலும் புகை,
ஒன்றில் மட்டும் மைக்.

எல்லோரும் மஷிபா ருமியைத்தான் கேட்கிறார்கள்.
ஷிப்ட் முடிந்த ஆலைக்காரர்கள்,
காலணி மாற்ற நேரமில்லாத தாதிகள்,
அந்தப் பாட்டு வந்தபோது
பிறந்தேயிராத மூன்று மாணவிகள்.
ருமியின் பாட்டுகளில்
யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை,
ரயில் மட்டும் வந்துவிடும்.
ஒன்றில் ஒற்றைக் கையுறை தொலையும்,
இன்னொன்றில் சாவி கிடைக்கும், வீடு மாறியிருக்கும்.
எல்லோருக்கும் பிடித்ததில்
ஒருத்தி நடைமேடை இயந்திரத்தில்
டப்பாக் காப்பி வாங்குவாள்,
குடிக்க மாட்டாள்,
ஆறும்வரை கையில் வைத்திருப்பாள்.
அவ்வளவுதான் கதை.
அதற்கே நாற்பது வயது ஆண்கள்
மூக்கை உறிஞ்சுவதைத்
தட்டோடு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

சனாயேயும் அதே பாட்டுதான்.
ஒரு மணி நேரமும் அதே பாட்டு.
ஆனால் மெட்டு அது இல்லை.
வரி சரி, தாளம் சரி,
குரல் மட்டும் வேறெங்கோ கீழே,
எல்லோரும் மாடிப்படி ஏறும்போது
கைப்பிடியைத் தடவிக்கொண்டே
இரண்டு படி பின்னால் வருபவளைப் போல.
திரை எண்களைச் சுழற்றி நிறுத்தும்:
எழுபத்தொன்று.
அடுத்த வாரம் அறுபத்தெட்டு.
"மெட்டைக் கவனித்துப் பாடினால்
இன்னும் சிறக்கும்" என்று
ஒரு கார்ட்டூன் பூனை அறிவுரை சொல்லும்.
அவள் பூனைக்குத் தலை வணங்குவாள்.
பாவம், காது சரியில்லை என்று நினைத்தேன்.
சமையலறையில் ஒருமுறை
அவளைப்போலப் பாடிக்காட்டிச் சிரிக்கவும் செய்தேன்.

பிப்ரவரி. பனிக்காற்று கதவை அறைந்த இரவு.
பதின்மூன்றில் ஒரு தாதி,
எதிரே பதினான்கில் இவள்.
தற்செயலாக ஒரே நொடியில்
ஒரே எண்ணை அழுத்தியிருக்க வேண்டும்.
நடைவழியில் யாரோ சிந்திய சோளச் சூப்பைத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.
இடப்பக்கச் சுவரிலிருந்து ருமியின் மெட்டு வந்தது,
வலப்பக்கத்திலிருந்து அந்தக் கீழ்க்குரல்.
என் துடைப்பத்துக்கு மேலே
இரண்டும் ஒன்றாயின.
காப்பி ஆறிப்போகிற இடத்தில்
இசைத்தட்டில் குரல் சட்டென்று தடிக்குமே,
ருமியே இரண்டுமுறை பாடிச் சேர்த்தது என்று
இத்தனை வருடம் நம்பியிருந்தேனே,
அந்தத் தடிப்பு.
சட்டைக்குள் பனி விழுந்ததுபோல் நிமிர்ந்தேன்.

வீட்டில் அக்காவின் பழைய குறுந்தட்டைத்
தேடி எடுத்தேன்.
உறையின் உள்தாளில்
கித்தார் வாசித்தவர் பேர்,
முடி அலங்கரித்தவர் பேர்,
மதியச் சோறு கொடுத்த கடையின் பேர்கூட.
பின்பாட்டு என்ற சொல்லே இல்லை.

அடுத்த செவ்வாய் கல்லாவில் கேட்டேன்:
"அந்தக் கீழ்க்குரல்... நீங்களா?"
நாணயம் எண்ணிக்கொண்டிருந்தவள்
கணக்குத் தவறி
மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.
"செவ்வாயில் தேநீருக்குத் தள்ளுபடி உண்டல்லவா?"
கிடையாது.
உண்டு என்றேன்.

இப்போதெல்லாம் செவ்வாய் இரவில்
ருமி பாட வருகிற யாருக்கும்
பதின்மூன்றைத்தான் கொடுக்கிறேன்.
மாணவிகள் முறைக்கிறார்கள்.
"பதினைந்து காலியாகத்தானே இருக்கு?"
ஹீட்டர் பழுது என்கிறேன்.
நொடியும் எண்ணும் எப்போதும் பொருந்துவதில்லை.
ஏழு வாரத்தில் இரண்டு முறை,
அதிலும் ஒருமுறை பாதியில்
எவனோ பீர் கேட்டு மணியடித்துவிட்டான்.
துடைப்பம் மட்டும்
இரண்டு கதவுகளுக்கும் நடுவே
சாய்ந்தபடி இருக்கிறது,
தரை காய்ந்திருந்தாலும்.