குறுக்குத் தெருவின் று

முகத்துவாரத்தில் மழை பெய்தால்
முதலில் வீட்டுக்கு வருவது தண்ணீர் அல்ல,
மூடிகள்.
நீலம், சிவப்பு, பச்சை,
கானுக்குள் இருந்து ஒவ்வொன்றாய்த் தலைநீட்டி
படிவரை வந்து நிற்கும்
வட்டிக்காரரைப் போல.

இப்போது எங்களுக்கு அவை வேண்டும்.
மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலைக் கொட்டகையில்
சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கூடுகிறோம்.
கழுவ ஸுலைஹா, அரைக்க மனுவேற்பிள்ளை,
தராசில் சந்திரலதா.
அவள் சிங்களத்தில் எண்ணுவாள்,
நாங்கள் தமிழில் சரிபார்ப்போம்,
இரண்டிலும் பதினேழு கிலோதான்.

லேபல் கிழிப்பது என் பாடு.
கிழித்துப் பாருங்கள்,
ஒரு நாட்டையே வாசிக்கலாம்.
மூன்று மொழியில் அதே ஷாம்பு, அதே தண்ணீர்;
தமிழில் மட்டும்
கால் போன கொம்பு,
காணாமற்போன புள்ளி.
'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்பது
'குளித்த இடத்தில் வைக்கவும்' என்றிருக்கும்.
சிரித்துக்கொண்டே கிழிக்கிறேன்.
சிரிப்பு வராத நாளிலும் கிழிக்கிறேன்,
நகக்கண்ணில் பசை.

முதல் பூச்சட்டி வாய் கோணியது.
இரண்டாவதை வாங்கிப்போனவர்
வெடித்ததும் கொண்டுவந்து வாசலில் வைத்தார்,
ஒரு சொல் கதைக்கவில்லை.
அதையும் அரைத்தோம்.
போத்தல் வேறு சாதி, மூடி வேறு சாதி,
சேர்த்து உருக்கினால் ஒட்டாது என்று
புகையில் இருமி இருமித்தான் படித்தோம்.
(மனிதருக்கு இது பொருந்தாது என்றாள் ஸுலைஹா.
யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.)

பிறகு, தெருப் பலகை.
பழைய தகரத்தில் சபை எழுதியிருந்தது:
குருக்குத் தெரு.
இருபது வருஷம் எங்கள் கடிதங்கள்
யாரோ ஒரு குருவைத் தேடித்தான் வந்தன.

வெள்ளைப் பலகைக்குச் சலவைத் திரவப் போத்தல்கள்,
எழுத்துக்கு நீல மூடிகள்.
எல்லா எழுத்தும் ஒரே நாளில் முடிந்தது,
று மட்டும் அடம்பிடித்தது.
முதல் தரம் வால் உடைந்தது.
அடுத்தது, அச்சைத் திருப்பி வைத்ததில்
கண்ணாடிக்குள் இருப்பதுபோல் வந்தது.
மூன்றாம் தரம் கரண்ட் போய்விட்டது;
பாதி உருகிய று
இருட்டில் மணந்துகொண்டு கிடந்தது.
நாலாவது சரி.
அதன் வளைவில் ஒரு சிவப்பு நரம்பு,
யாருடைய சோடா மூடியோ.

சபையிலிருந்து ஒருவர் வந்தார்.
"கோப்பில் ரு தான் இருக்கிறது.
திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பியுங்கள்,
மூன்று மொழியிலும்."
"தமிழ் விண்ணப்பத்தில்
எந்த ரு போடுவது, ஐயா?"
சந்திரலதாதான் கேட்டாள்.
அவர் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

பலகை இருக்கிறது, அனுமதியில்லாமல்.
நேற்று மழையில் அதன் காலடியில்
மறுபடியும் மூடிகள்.
நான் குனிந்து பொறுக்கும்போது
தபால்காரர் சைக்கிளை நிறுத்தி
நிமிர்ந்து வாசித்தார்.
"புதுத் தெருவா?"
"பழசுதான்" என்றேன்,
"கழுவியிருக்கிறோம்."