பதினேழு ஏசிகள்

ரோலாவில் எங்கள் கட்டடத்தின் பின்சுவரில்
பதினேழு ஜன்னல் ஏசிகள்.
ஜூலை முழுக்கக் கதவு கதவாய்த் தட்டி
ஒவ்வொன்றின் இரைச்சலையும் பதிவுசெய்தேன்.
நாலாம் மாடிப் பட்டான் மட்டும்
டீ கொடுத்துவிட்டு எதற்கென்று கேட்டார்.
பரீட்சைக்கு என்றேன்.
அது போதுமாயிருந்தது அவருக்கு.

இறுதியாண்டுக் கண்காட்சி.
வெள்ளைச் சுவரில் பதினேழு ஸ்பீக்கர்கள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கூடத்தின் ஏசி
அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

அணைச்சிரலாமா, என்றான் மின்ஹாஜ்
ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகியபடி.
அணைத்தோம்.

முதல் நிமிடம் எல்லோரும் கண்மூடிக் கேட்டார்கள்.
நாலாவதில் டீனின் டை தளர்ந்தது.
எட்டாவதில்
பக்கத்து அறை எண்ணெய் ஓவியங்களுக்கு
திடீரென்று ஏகப்பட்ட ரசிகர்கள்.

மிஞ்சியது
சூடானியப் பேராசிரியை இக்லாஸ்,
கையேட்டால் விசிறிக்கொண்டு அம்மா.

பதினோராவது ஸ்பீக்கர் முன் நின்றாள்.
"இது நம்மளுது.
நான் அட்டை மடிச்சுச் செருகுறதுக்கு முந்தி
எடுத்திருக்கே."

என்ன சொல்கிறார், என்றார் இக்லாஸ்.
நான் வார்த்தை தேடுவதற்குள்
அம்மா அடுத்ததற்கு நகர்ந்துவிட்டாள்,
காதை ஒட்டவைத்து,
டாக்டர் மாதிரி.

"யாரு, அந்தப் பட்டானா?
கேஸ் இறங்கிக் கெடக்கு.
போனதும் சொல்லிரணும்."