அரை நொடி தாமதம்

பத்துமி என்றதும் கடல் தெரியும் என்று நினைத்தேன்.
ஓட்டலின் நிலவறையில் அரங்கு.
ஏசிக் குளிரில் இருநூறு பேர்.
கழுத்தட்டையில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
முன்னால் 'டாக்டர்' என்று வேறு போட்டிருக்கிறார்கள்.
திருத்தச் சொல்லவில்லை.
காபி நேரம் வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

காதில் மொழிபெயர்ப்புக் கருவி.
கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண்
டச்சுக்காரரின் ஆங்கிலத்தை
மூச்சிரைக்க ஜார்ஜியனாக்குகிறாள்.
அவர் சிரித்து முடித்த பிறகுதான்
எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

திரையில் நீலக் கோடு ஒன்று ஏறுகிறது.
மருந்துக்கு மசியாத காசநோய்.
இருபது மாதம் இனி ஆறு மாதம்.
வெறும் மாத்திரைகள்.
"ஊசி கிடையாது" என்கிறாள் கூண்டுக்காரி,
அரை நொடி தாமதமாக.

அரை நொடியா?
ஜும்பெருக்கு ஒன்பது வருடத் தாமதம்.

ஞாயிறு தவிர தினமும், எட்டு மாதம்,
இடது, வலது, இடது என்று
நான்தான் போட்டேன்.
தசை கல்லாகி ஊசி வளைந்த நாட்களில்
வெந்நீர்ப் பையை ஒத்திவைத்துவிட்டுப் போட்டேன்.
ஸுக்தீதிச் சந்தையில் ஹேசல் கொட்டை வியாபாரம் அவனுக்கு.
ஒரு கொட்டையைக் காதருகே குலுக்கிவிட்டு
மூட்டைக்கு விலை சொல்வான்.
ஐந்தாம் மாதம் கேட்டான்:
"என்ன சியூரி, இந்த வருஷம்
எல்லாமே பொக்காக இருக்கிறது?"

மழை அதிகம், என்றேன்.
அப்படித்தான் நானும் நம்பினேன்,
ஒரு வாரம்.

நீலத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில்
இன்னொரு கோடு, பழைய சிகிச்சையுடையது.
அதற்குள் எங்கோ அவன் இருக்கிறான்,
'குணமானவர்' கணக்கில்.
பொய்யில்லை. சளி சுத்தம். நுரையீரல் சுத்தம்.
கோப்பை மூடிக் கையெழுத்திட்டதும் நானே.

கேள்வி நேரம்.
ஒலிவாங்கி என் வரிசைக்கு வந்துவிட்டது.
கேட்க வந்ததை விட்டுவிட்டு
"சாப்பிட்டுப் போடுவதா, வெறும் வயிற்றிலா?" என்றேன்.
முன்வரிசையில் யாரோ நெளிந்தார்.
டச்சுக்காரர் நெளியவில்லை.
"உணவோடு. நல்ல கேள்வி, டாக்டர்."
எழுதிக்கொண்டேன்: உணவோடு.
திங்கட்கிழமை முதல் மாத்திரை போடவிருக்கும்
லெவானின் வீட்டில் அடுப்பு எரிவது
ஒரு வேளைதான். அந்த வேளைக்குப்
போய்ச் சேர வேண்டும்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

கைப்பைக்குள் பேனாவைப் போடும்போது
விரலில் கொட்டைகள் தட்டுப்பட்டன.
ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும்
ஜும்பெர் ஒரு கிலோ கொண்டுவந்து தருவான்.
பத்துக்கு மூன்று பொக்கு.
இதுவரை சொன்னதில்லை.

கருவியைக் கழற்றிவிட்டு
ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினேன்.

பக்கத்து நாற்காலி அம்மாள் திரும்பி
உதட்டில் விரல் வைத்தாள்:
சத்தம் போடாதீர்கள்.