ஒரு சாண்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பிரைட்சிங் கடையில் சுவர் நிறைய டயர்.
நடுவில் ஒரு காலண்டர், போன வருஷத்தது.
"எது வேணும் ரெஜிலா?"
எது வேணுமென்று தெரிந்தால்
இரண்டாவது டீ எதற்குக் குடிக்கிறேன்?

என் வண்டி சின்னது. நாலு சக்கரமும் இழுக்கும்.
பின்சீட்டைக் கழற்றினால்
பன்னிரண்டு தேனீப் பெட்டி கொள்ளும்.
விற்றவன் மாட்டிக் கொடுத்தது
இருநூற்று முப்பத்தைந்து அகலம்.
கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய ஷூ மாதிரி
வண்டியை விட டயர்தான் முதலில் வரும்.
"எடுப்பா இருக்குல்லா," என்றான் விபின்.
எடுப்பாகத்தான் இருந்தது.
திருப்பத்தில் முழுசாய் ஒடித்தால்
மட்கார்டில் உரசி ஒரு முனகல்.
பெட்ரோல் கணக்கை அவன் பார்ப்பதில்லை.

பங்குனியில் பேச்சிப்பாறைக்கு மேலே போனோம்.
ரப்பரில் தேன் பூவில் இல்லை,
இளம் இலைக்காம்பில் கசியும்.
தளிர் முற்றுமுன் பெட்டி போய்ச் சேர வேண்டும்,
அதுவும் ராத்திரியில், எல்லாம் கூடடைந்த பிறகு.
அன்றைக்கென்று சாயங்காலமே மழை.
செம்மண் ஏற்றத்தில் வண்டி
ஏறவும் இல்லை, நிற்கவும் இல்லை.
அந்த அகலம் சேற்றின் மேல் மிதந்தது.
நாலு சக்கரமும் சுற்றச் சுற்ற
பக்கவாட்டில், அவசரமே இல்லாமல்,
சறுக்கிப் போய் ஒரு மரத்தில் சாய்ந்தோம்.
வெட்டு நிறுத்திய மரம். கவிழ்த்து வைத்த சிரட்டை
என் மடியில் விழுந்தது.
அப்புறம் ஒரு பெட்டி திறந்துகொண்டது.

இருட்டில் தேனீ பறக்காது. ஊரும்.
கணுக்கால், முழங்கால், அதற்கும் மேலே.
"லைட்டை அணை, லைட்டை அணை" என்று கத்தினேன்.
பதினேழு கொட்டு வரைக்கும் எண்ணினேன்.
விபின் எண்ணவில்லை, ஓடினான்.

குறுகிய டயர் இப்படி மிதக்காது.
குழம்பைப் பிளந்துகொண்டு கீழே இறங்கும்.
எவ்வளவு சேறானாலும் அடியில் எங்கேயோ
ஒரு சரளைக்கல் இருக்கும்,
அதைக் கடித்துக்கொண்டு ஏறும்.
இதைக் கொட்டு வாங்கித்தான் கற்க வேண்டுமா
என்று கேட்டால் பதில் இல்லை.

"அப்போ நூற்றித் தொண்ணூற்றைந்து," என்கிறார் பிரைட்சிங்.
பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"ஆடியில பெட்டிய எங்க வைப்ப?"
ராஜாக்கமங்கலத்தில். தென்னந்தோப்பில்.
பாதை முழுக்க மணல்.
"மணலுக்கு அகலம்லா வேணும்? குறுகினது நண்டு கணக்கா
குழி தோண்டி உள்ள போவும்."

சரிதான். மலைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று
ஐம்பது கிலோமீட்டருக்குள்
எட்டு டயர் வாங்குகிற ஆள் நானில்லை.
"காற்றை இறக்கிக்கிடுவேன்," என்றேன்.
இருபத்தெட்டில் இருந்து பதினாறுக்கு.
டயர் தன் வயிற்றை மணலில் பரப்பிக்கொள்ளும்,
மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் மாதிரி.
தார் ரோட்டுக்கு வந்ததும்
ஒரு பம்பை பாட்டரியில் மாட்டி
கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். நிற்பேன்.

இருந்தாலும் கையை வைத்துப் பார்த்தேன்.
கட்டைவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை விரித்து.
அகலமானதில் இன்னும் இரண்டு விரல் மிச்சம் கிடந்தது.
மற்றதில் கை சரியாக முடிந்தது.
என் சாண் நூற்றித் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர்
என்று இத்தனை வயசில் தெரிந்துகொண்டேன்.

நாலுக்குத்தான் பணம் இருந்தது.
பழைய நாலையும் பிரைட்சிங் எடுத்துக்கொண்டார்,
நான் சொன்ன விலைக்கு அல்ல.
வெளியே கழற்றி அடுக்கிய உடனே
பைக்கில் வந்த ஒரு பையன் விலை கேட்டான்.
எடுப்பா இருக்குமாம்.

ஸ்டெப்னி மட்டும் இன்னும்
இருநூற்று முப்பத்தைந்து.
பின்கதவில் தொங்குகிறது. ஒன்றை மட்டும் மாற்றி மாட்டினால்
நாலு சக்கரம் சேர்ந்து இழுக்காது, கியர்பெட்டி போகும்.
அது தெரிந்தேதான் தொங்குகிறது.
அடுத்த தேன் விற்கும்வரை
பஞ்சர் ஆகக் கூடாது.

குலசேகரம் தாண்டும்போது தூறல் விழுந்தது.
பின்னால் பன்னிரண்டு பெட்டியும்
ஒரே சுருதியில் இரைந்தன.
விபின் வைப்பரைப் போட்டான்,
ஒன்றும் பேசவில்லை.